மாகாணங்கள் அழைத்த குடிகள்

கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தில் 95-ஆம் பிரிவு விந்தையானது. வேளாண்மையையும் குடியேற்றத்தையும் ஒருசேரப் பிணைத்து, அவ்விரண்டிலும் சட்டம் இயற்றும் உரிமையை நடுவண் அரசுக்கும் மாகாணங்களுக்கும் அது பொதுவாக்கியது. நிலம் பரந்தும் உழும் கைகள் அருகியும் கிடந்த காலத்தில் அவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றியதில் வியப்பில்லை. எனினும், யாரை ஏற்பது என்பதைப் பிற்காலத்தில் நடுவண் அரசே பெரிதும் முடிவு செய்தது. பிரெஞ்சு மொழியின் எதிர்காலம் கருதிய கியூபெக் மட்டும் 1978-இலும் 1991-இலும் உடன்படிக்கைகள் செய்து, தன் குடியேறிகளைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமையை நிலைநாட்டிக்கொண்டது.

ஏனைய மாகாணங்களின் கவலை வேறு. 1967-இல் வகுக்கப்பட்ட புள்ளி முறை கல்வியையும் மொழியறிவையும் எடைபோட்டது. அதில் தேறியவர்களோ டொரோண்டோ, மொன்றியால், வன்கூவர் ஆகிய பெருநகரங்களையே பெரிதும் நாடினர். அவ்வேளையில் மனிட்டோபா மாகாணத்து வினிப்பெக் நகரின் ஆடைத் தொழிற்சாலைகள் ஆளின்றித் தவித்தன. தையற்பொறியைத் திறம்பட இயக்கும் கைக்குப் புள்ளி முறையில் மதிப்பில்லை! இம்முரண்பாட்டினின்றே புதுவழி பிறந்தது. 1996-இல் மனிட்டோபா நடுவண் அரசுடன் உடன்படிக்கை செய்து, தையல் தொழிலாளரை வெளிநாட்டிலிருந்து அழைத்தது. 1998-இல் அது மாகாணப் பரிந்துரைத் திட்டமாக உருப்பெற்றது. மாகாணம் பரிந்துரைக்கும், உடல்நலம், குற்றப் பின்னணி முதலியவற்றை ஆராய்ந்து நிரந்தரவாசத் தகுதியை நடுவண் அரசு வழங்கும்.

வந்தவர் அங்கேயே தங்குவாரா? பரிந்துரைத்த மாகாணத்தில் வாழும் எண்ணம் வேண்டும் என்கிறது விதி. ஆனால், நிரந்தரவாசி எம்மாகாணத்திலும் குடியிருந்து தொழில் செய்யலாம் என்று 1982-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் உறுதி கூறுகிறது. அழைக்க அதிகாரம் உண்டு. கட்டிவைக்க அதிகாரம் இல்லை. ஆஸ்திரேலியாவோ 2019-இல் வேறு நெறியை மேற்கொண்டது. முதலாளியின் ஆதரவுடன் வருவோருக்கு ஐந்தாண்டுத் தற்காலிக விசா. வகுக்கப்பட்ட வட்டாரத்தில் மூன்றாண்டு வாழ்ந்து உழைத்த பின்னரே நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பம். இதில் காவல் மிகுதி, நம்பிக்கை குறைவு என்பது என் கருத்து. மனிட்டோபாவின் விங்க்ளர் என்னும் சிற்றூரைப் பாருங்கள். 1870-களில் அவ்வட்டாரத்தில் குடியேறிய மெனோனைட் சமயத்தாரின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். இத்திட்டத்தின்வழி வந்த ஜெர்மன் மொழியினர் பலர் அவ்வூரில் வேரூன்றினர். பழகிய மொழியும் வழிபாடும் அவர்களை அங்கே நிறுத்தின, சட்டமன்று.

இளவரசர் எட்வர்ட் தீவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அது பரிந்துரைத்து வரவழைத்தவர் பலர் பெருநகரங்களுக்குப் பெயர்ந்தனர். காலம் மாறியது. 2024-இல் அத்தீவு தன் பரிந்துரைகளை நான்கிலொரு பங்கு குறைத்து, மருத்துவம், கட்டுமானம் போன்ற துறையினருக்கு முதலிடம் தந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் உழைத்துக் காத்திருந்த வெளிநாட்டினர், அவர்களுள் இந்தியர் பலர், தலைநகர் சார்லட்டவுனில் உண்ணாநோன்பு இருந்தனர். தங்குவார் இல்லையே என ஏங்கிய தீவின் வாயிலில், தங்க விடுங்கள் என்று அவர்கள் கேட்டனர். மறு ஆண்டுக்கான நாடளாவிய மாகாணப் பரிந்துரை இலக்கையும் நடுவண் அரசு 1,10,000-இலிருந்து 55,000-ஆகக் குறைத்தது.