ஏன் 24? - ஒரு புதிய பருவத்திற்காகக் காத்திருந்தோரின் கதை



கணிதப் பாடத்தில் கால அளவைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நிமிடத்தை விநாடியாக மாற்றும் கணக்கு. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். பாடத்தில் அவ்வளவாக நாட்டம் காட்டாதவன். ஆனால் தொலைக்காட்சியில் கூடைப்பந்து என்றால் சோற்றையும் மறந்துவிடுவான் என்று அவன் தாயார் ஒருமுறை குறைபட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. "ஐயா, அமெரிக்கக் கூடைப்பந்தில் 24 விநாடிக்குள் பந்தை எறிய வேண்டுமாம். ஏன் 24? 25 என்றோ 30 என்றோ வைத்திருக்கலாமே?" என்றான்.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அக்டோபர் திங்கள் நெருங்குந்தோறும் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் புதிய பருவத்தை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனால் 1954-ஆம் ஆண்டில் அதே அக்டோபரை எதிர்நோக்கியிருந்தவர்களின் மனநிலை வேறு. அந்தப் பருவம் சரியாக அமையாவிட்டால் அடுத்த பருவம் என்று ஒன்று இருக்குமா என்பதே அவர்களின் கவலை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூடைப்பந்தின் பிறப்பை உடற்கல்வி ஆசிரியர்கள் அறிவார்கள். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்களைக் கூரைக்குள் விளையாட வைப்பதற்காகப் பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி வைத்தார். நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர் கண்ட விளையாட்டு இது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அந்த 13 விதிகளிலும் ஒரு குறை இருந்தது. பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி எவ்வளவு நேரத்திற்குள் அதைக் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்று அவற்றில் எங்கும் சொல்லப்படவில்லை. பள்ளி விளையாட்டில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பணம் கொடுத்து மக்கள் பார்க்க வரும் தொழில்முறை ஆட்டத்தில்தான் அது நஞ்சாயிற்று.

1946-இல் தொடங்கப்பட்ட ஒரு கூட்டமைப்பும் அதற்கு முன்பே இருந்த மற்றொன்றும் 1949-இல் இணைந்து என்.பி.ஏ. உருவானது. அப்போது 17 அணிகள். முன்னணியில் இருந்த அணி அல்லது வெற்றி பெறும் வலிமையற்ற அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றியபடி நேரத்தைக் கடத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. இதன் உச்சம் 1950 நவம்பர் 22 அன்று மினியாப்பொலிஸ் நகரில் நடந்தது. அங்குள்ள லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடிய ஆட்டக்காரர் இருந்தார். ஏறத்தாழ 208 செண்டிமீட்டர் உயரம். அவரைத் தடுத்து நிறுத்த வல்லார் அன்று எவரும் இலர். எதிர்த்து வந்த ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, மைக்கன் பந்தையே தொட முடியாமல் செய்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர்கள் கூச்சலிட்டும் பயனில்லை. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 8 முறை மட்டுமே களத்திலிருந்து கூடையில் போட்டன. கடைசிக் கால் பகுதியில் இரு அணிகளும் பெற்ற மொத்தப் புள்ளிகள் 4. ஃபோர்ட் வேய்ன் 19-18 என்ற கணக்கில் வென்றது. லேக்கர்ஸ் பெற்ற 18-இல் 15 புள்ளிகள் மைக்கனுடையவை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகளில் முடிந்த ஆட்டம் இதுதான்.

விதியை மீறி அவர்கள் எதையும் செய்யவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்றிக்கு வழி அதுவாக இருந்தது, அதைக் கையாண்டார்கள். குற்றம் ஆட்டக்காரர்களிடம் இல்லை, விதியில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த சில வாரங்களில், 1951 சனவரி 6 அன்று, ரோச்செஸ்டர் அணியும் இண்டியானாபொலிஸ் அணியும் மோதிய ஆட்டம் சமநிலையில் முடிந்து, ஆறு கூடுதல் நேரப் பகுதிகள் வரை நீண்டது. ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும் பந்தைப் பெற்ற அணி கடைசி எறிதலுக்காகக் காத்துக்கொண்டே நின்றது. நேரம் கடத்துவதைத் தடுக்க எதிரணிக்கு இருந்த ஒரே வழி வேண்டுமென்றே தவறிழைப்பது. அதனால் ஆட்டம் ஓட்டமாக இல்லாமல், கோட்டருகே நின்று தடையின்றி எறியும் போட்டியாக மாறியது. 1953 மார்ச்சில் பாஸ்டன் அணியும் சிராக்கியூஸ் அணியும் ஆடிய ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தவறுகள் பதிவாயின. பாஸ்டனின் பாப் கூசி பெற்ற 50 புள்ளிகளில் 30, இத்தகைய தடையற்ற எறிதல்களால் வந்தவை. அருஞ்செயல்தான். ஆயினும் அதைக் காண எத்தனை பேர் மீண்டும் நுழைவுச்சீட்டு வாங்குவர்?

அணிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 17 அணிகளில் எஞ்சியவை 9. போதாக்குறைக்கு, மக்களை அரங்கிற்கு ஈர்த்த மைக்கனும் 1954-55 பருவம் தொடங்குமுன் ஓய்வை அறிவித்தார்.

இங்கேதான் டேனி பியாசோன் வருகிறார். இத்தாலியில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்திவந்தவர். பெருஞ்செல்வர் அல்லர். கல்லூரியிலோ தொழில்முறையிலோ கூடைப்பந்து ஆடிப் பெயர் பெற்றவரும் அல்லர். ஆனால் சிராக்கியூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர். நேர வரம்பு வேண்டும் என்று சக உரிமையாளர்களிடம் விடாமல் வலியுறுத்தியவர் அவர்.

எத்தனை விநாடி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, என் மாணவனின் கேள்விக்கும் விடை. தாம் விரும்பிப் பார்த்த நல்ல ஆட்டங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நேரம் கடத்தாத அத்தகைய ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 60 முறை கூடையை நோக்கி எறிந்திருந்தது. இரு அணிகளுக்கும் 120. ஆட்ட நேரம் 48 நிமிடம். அதாவது 2880 விநாடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான்! ஆண்டு 5 மாணவன் போடக்கூடிய கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர் அணியின் பொது மேலாளர் லியோ ஃபெரிஸ் என்று கூறுவோர் பலர் உண்டு. புகழ் பெரும்பாலும் பியாசோனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

1954 ஆகஸ்ட் 10 அன்று சிராக்கியூஸில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், பிற அணிகளின் உரிமையாளர்கள் பார்த்திருக்க, 24 விநாடி வரம்புடன் ஆட்டம் ஒன்று நடத்திக் காட்டப்பட்டது. நேரம் போதாது என்று அஞ்சிய ஆட்டக்காரர்கள் முதலில் பந்து கைக்கு வந்தவுடனேயே எறியத் தலைப்பட்டனர். தேர்வில் முதல் பத்து நிமிடத்திலேயே விடைத்தாளை முடித்துவிடத் துடிக்கும் பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? அதே பதற்றம். 24 விநாடி என்பது உண்மையில் நீண்ட நேரம் என்பதை ஆடியபின்பே உணர்ந்தனர். இதனுடன் இன்னொரு விதியும் சேர்ந்தது: ஒரு கால் பகுதியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறிழைக்கும் அணிக்கு எதிராகக் கூடுதல் எறிதல். நேரம் கடத்துவதற்கும் வேண்டுமென்றே தவறிழைப்பதற்கும் ஒரே பருவத்தில் கடிவாளம் விழுந்தது.

1954 அக்டோபர் 30 அன்று ரோச்செஸ்டர் அணி பாஸ்டனை 98-95 என்று வென்றது. கடிகாரத்துடன் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டம் அது. முந்திய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 79.5 புள்ளிகள் பெற்றது. இப்பருவத்தில் அது 93.1 ஆயிற்று. எனினும் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. பால்டிமோர் அணி நவம்பரிலேயே கலைந்தது. 8 அணிகளே எஞ்சின. அந்த எட்டும் இன்றுவரை, சில ஊர் மாறியும் பெயர் மாறியும், நிலைத்திருக்கின்றன.

அப்பருவத்தின் வாகையரும் சிராக்கியூஸ் அணியே. இறுதிச் சுற்றில் எதிரணி, 19-18 புகழ் ஃபோர்ட் வேய்ன்! அவர்களின் சொந்த அரங்கைப் பௌலிங் போட்டி ஒன்று பிடித்துக்கொண்டதால், தங்கள் பங்குக்குரிய ஆட்டங்களை அவர்கள் இண்டியானாபொலிஸில் ஆட வேண்டியதாயிற்று. பௌலிங் கூடக்காரருக்கு எதிரான போட்டியில் இப்படி நேர்ந்ததை என்னென்பது! ஏழாவது ஆட்டத்தில், 1955 ஏப்ரல் 10 அன்று, 17 புள்ளிகள் வரை பின்தங்கியிருந்த சிராக்கியூஸ் 92-91 என்று வென்றது. அவ்வணியில் ஆடிய ஏர்ல் லாய்டு, 1950-இல் என்.பி.ஏ.வில் களமிறங்கிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். அவரும் ஜிம் டக்கரும் வாகையர் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆயினர்.

இதன்பின் நடந்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. ஆட்டம் விறுவிறுப்பானது, கூட்டம் பெருகியது, பெருநகரங்கள் அணிகளைத் தேடின. சிறுநகரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1957-இல் ஃபோர்ட் வேய்ன் அணி டெட்ராய்டுக்கும், ரோச்செஸ்டர் அணி சின்சினாட்டிக்கும் போயின. லேக்கர்ஸ் 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றது. 1963-இல் பியாசோனும் தம் அணியை விற்றார். அது பிலடெல்பியாவுக்குப் பெயர்ந்தது. விளையாட்டைக் காத்த ஊருக்கே அணி இல்லாமற் போயிற்று. பியாசோன் 1992-இல் காலமானார். புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2000-இல். அதே ஆண்டில்தான் அனைத்துலகக் கூட்டமைப்பும் தன் 30 விநாடி வரம்பைக் கைவிட்டு 24-க்கு மாறியது. 2005-இல் சிராக்கியூஸ் நகர மையத்தில் 24 விநாடிக் கடிகாரம் ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுவினார்கள்.

மறுநாள் வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அந்த மாணவனே எழுந்து வந்து வகுத்துக் காட்டினான். விடை சரி. இடத்தில் போய் அமர்ந்தவன் மீண்டும் கையை உயர்த்தினான்: "ஐயா, வளையத்தில் பட்ட பந்தை எறிந்த அணியே திரும்பப் பிடித்தால் 14 விநாடிதானே கொடுக்கிறார்கள். அது ஏன்?" அந்த விதி என்.பி.ஏ.வில் 2018-இல் வந்தது. பந்து ஏற்கெனவே கூடையருகே இருப்பதால் மைதானத்தைக் கடந்துவரும் நேரம் தேவையில்லை என்று விளக்கினேன். "அப்படியென்றால் 14-க்கும் கணக்கு இருக்குமா, ஐயா?" என்றான். மணி அடித்துவிட்டது.