உடைந்த ஹீட்டர் பிளக்கும் ஒரு தணிக்கைக் குறிப்பும்

ருடால்ஃப் டீசலை ஜெர்மானியர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பெற்றோர் பவேரியாக்காரர்கள் என்பது சரி. ஆனால் அவர் பிறந்தது 1858-இல், பாரீஸில். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோதுதான் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் அவர் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்குத் தீப்பொறி தேவைப்படவில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா, அதே தத்துவம்தான். காற்றை மிகவும் அமுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1909-இல் பென்ஸ் கம்பெனியில் இருந்த ப்ராஸ்பர் லோரான்ஜ் என்பவர், சிலிண்டருக்கு மேலே சின்ன முன்னறை ஒன்றை வைத்து, எண்ணெய் முதலில் அதற்குள் பற்றும்படி செய்தார். சிறிய டீசல் இன்ஜின்கள் வருவதற்கு வழி திறந்தது அதுதான். தொல்லையும் அதோடு வந்தது. முன்னறையின் சுவர்கள், இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது, காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். வண்டி கிளம்பாது.

சூடாக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1921-இல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முன்னால் உள்ள குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரிலோ புகையும் காகிதச் சுருளை இன்ஜினுக்குள் சொருகுவார்கள். இவற்றையெல்லாம் ஒழித்தது மின்சாரத்தில் பழுக்கும் சிறு கம்பி. 1936-இல் மெர்சிடிஸ் 260 டி கார் வந்தபோது அது வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.

இதற்குப் பிரெஞ்சில் 'பூஜி' என்று பெயர். மெழுகுவர்த்தி என்று பொருள். அல்ஜீரியாவில் பூஜி என்றொரு துறைமுகம். அங்கிருந்து தேன்மெழுகு வந்ததால் வர்த்திக்கு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியரும் 'ஒளிரும் மெழுகுவர்த்தி' என்றே சொல்கிறார்கள். நம் மெக்கானிக்குகளுக்கு அது ஹீட்டர் பிளக். எனக்கென்னவோ நம்மவர் வைத்த பெயர்தான் வேலைக்குப் பொருந்துகிறது.

முதல் காலத்துப் பிளக்குகள் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போச்சு. பிறகு பென்சில் வடிவப் பிளக் வந்தது. எஃகுக் குழாய்க்குள் கம்பிச் சுருள், சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம். இதில் ஒன்று செத்தாலும் மற்றவை வேலை செய்யும். அதனாலேயே செத்ததை யாரும் கழற்றுவதில்லை. வருஷக்கணக்கில் கரியும் துருவும் மரையைக் கவ்விக்கொள்ளும்.

நம் ஊருக்கு இந்தக் கதை ஜீப்பில் ஏறி வந்தது. 1980-களில் மஹிந்திரா தன் ஜீப்புகளில் பிரான்சின் பெஜோ டீசல் இன்ஜினைப் பொருத்தியது, 2112 சி.சி., நான்கு சிலிண்டர், நான்கு ஹீட்டர் பிளக். நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கும் அப்படியொரு ஜீப் வந்தது. அதன் லாக் புத்தகமும் ரிப்பேர் பில்களும் என் மேஜையில்தான் இருந்தன.

ஒரு மார்கழியில் வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. அனுப்பிய பணிமனையில், ஆறிப்போன இன்ஜினில் நீளக் கைப்பிடி போட்டுத் திருகி, மூன்றாவது பிளக்கின் தலையை முறித்துவிட்டார்கள். உடல் உள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்டை இறக்க வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று ஒரு நீண்ட எஸ்டிமேட் வந்தது.

டிரைவர் வேறொரு மேஸ்திரியிடம் கொண்டுபோனார். தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள். அவருக்கு இந்த இன்ஜின் புதிது. பிரெஞ்சு ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பென்ஷன்தாரர் ஒருவர் கையால் எழுதிய குறிப்பேடு அவரிடம் இருந்தது. படிக்கத் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போய் நான் படித்துச் சொன்னேன். இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும்; துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும்; கால் சுற்று பின்னால், அரைக்கால் சுற்று முன்னால் என்று அசைக்க வேண்டும்; கை தடுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

முறியாத மூன்றும் அப்படியே வந்தன. முறிந்ததற்கு மேஸ்திரி தன் கைவேலையைக் காட்டினார். நடுக்கம்பியைப் பிடுங்கி எடுத்தார். டிரில் முனையில் கிரீஸ் தடவி, தூள் ஒட்டிக்கொள்ளும்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்தார். நேர் கோட்டிலிருந்து விலகினால் ஹெட்டின் மரை போய்விடும். பிறகு இடதுமரை வெட்டிய எக்ஸ்ட்ராக்டரை இறக்கித் திருப்பினார். அது இறுக இறுகப் பிளக்கின் உடல் கழன்று வந்தது. கடைசியில் நாசிலையும் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டார். மிச்சத் தூளை உள்ளே அமுங்கும் காற்றே வெளியே ஊதிவிட்டது. ஹெட்டை இறக்கவேயில்லை.

பில்லில் இரண்டு வரி. புதுப் பிளக்குகளின் விலை ஒன்று. 'உடைந்த பிளக் எடுத்த கூலி' மற்றொன்று. அது பிளக் விலையைப்போல் மூன்று மடங்கு. தணிக்கையில் பிடித்துக்கொண்டார்கள். மாட்டுவதற்கான கூலிக்கு விகிதம் உண்டாம், எடுப்பதற்குத் தனி இனம் கிடையாதாம்! பணிமனையின் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து, மேஸ்திரி கேட்டது அதில் ஆறில் ஒரு பங்கு என்று குறிப்பு எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மாட்டியதையே ஒப்புக்கொள்ளும் விதி, உடைக்காமல் எடுத்ததை ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்துப் பணம் அனுமதியானது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அரசாங்க வண்டி எதையும் அவர் கொட்டகைக்குள் விட்டதில்லை. அடுத்த முறை அந்த ஜீப்புக்குக் கோளாறு வந்தபோது ஹெட்டை இறக்கித்தான் பார்த்தார்கள். அந்த பில்லுக்கு ஆட்சேபணை வரவில்லை.

அன்றைய பிளக்கின் மரை 12 மில்லிமீட்டர். பின்னால் 10 ஆனது. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த இன்றைய ஹெட்டில் இடமில்லாமல் 8 ஆகிவிட்டது. மெலிசாகவும் நீளமாகவும் இருப்பதால் இன்னும் சுலபமாக முறிகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரின் ஹீட்டர் பிளக்கைத் தொடச் சொன்னால், முறிந்தால் நான் பொறுப்பில்லை என்று மெக்கானிக்குகள் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முறிந்ததை எடுக்கும் கூலியையும் அப்போதே பேசி முடித்துக்கொள்கிறார்கள்.