மருந்தறைக்கு அடுத்த அறை

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். வைத்தியத் தொழிலில் இருப்பதால் பாடசாலைச் சுகாதார சேவையைப் பற்றி எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் எம்மிலும் மூத்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய இடம். பழைய விடுதிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மருந்தறைக்கு அடுத்ததாக இருக்கும் உளவளத்துணை அறை. 2005 இற்கு முன்னர் கல்லூரியை விட்டுப் போனவர்களுக்கு, வலைப்பந்துக் கம்பங்களும் உடைந்த கதிரைகளும் கிடந்த களஞ்சிய அறை என்று சொன்னால்தான் விளங்கும்.

அந்த அறைக்கு வயது இருபதுதான். ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் நிற்கும் ஒரு பிள்ளை தன் துயரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தாள் என்று கேட்டால், அதற்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு.

எமது சங்கம் தொடங்கியபோது இலவசக் கல்வி வந்திருக்கவில்லை. அது 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் தூரத்துப் பிள்ளைகள் பணம் கட்டி விடுதியில் நின்று படித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெண் கல்வியே விடுதியோடு சேர்ந்து வளர்ந்ததுதான். 1824 இல் உடுவிலில் தொடங்கிய அமெரிக்க மிஷன் பாடசாலையும் விடுதிப் பாடசாலை. 1913 இல் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய கல்லூரியும் அவ்வாறே. இப்படிப்பட்ட இடங்களில் வீட்டு நினைவில் அழும் பிள்ளையைக் கவனிப்பது மேற்றனின் பொறுப்பு. அவர் தலைவாரி விடுவார், ஒரு கோப்பை கோப்பி கொடுப்பார், கடவுளை நினைத்துக்கொண்டு படி என்பார். எமது மூத்த அக்காமார் சிலர் தங்கள் மேற்றனை இன்றும் கண் கலங்கித்தான் நினைக்கிறார்கள். வேறு சிலர் அந்தப் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் எமது வரலாறுதான்.

நாங்கள் 1993 இல் ஆறாம் வகுப்புக்கு வந்தோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு பல பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வகுப்பு அது. தன் ஊர்ப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தவள் இங்கே இருபத்தெட்டாம் பிள்ளையாவாள். வீட்டில் அதற்கு அடி விழும். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு, காலையில் சாப்பிடாமல் வந்து, பிரார்த்தனை நேரத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை மருந்தறைக்குத் தூக்கிச் செல்வது மாணவத் தலைவிகளின் அன்றாட வேலை. குளுக்கோசு கரைத்துக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, இரண்டாம் பாடத்துக்கு வகுப்பில் கொண்டுவந்து விடுவார்கள். ஏன் விழுந்தாய் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. செல்லடி விழுந்துகொண்டிருந்த ஊரில் அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றவுமில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியை எம் வயதினருக்கு விளக்கத் தேவையில்லை. இளைய தங்கைமாருக்காக ஒரு வரி: வலிகாமம் முழுவதும் ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பக்கமாக நடந்தது. நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு. தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் மாலை வேளையில் எமக்கு வகுப்பு நடந்தது. 1996 இல் திரும்பி வந்து இடாப்புக் கூப்பிட்டபோது வகுப்பில் பலர் இல்லை. சிலர் வன்னிக்கு, சிலர் கொழும்புக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. எங்கே போனார்கள் என்று தெரியாதவர்களும் இருந்தார்கள்.

திரும்பி வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு எங்களோடு மரத்தடியில் சாப்பாட்டைப் பங்குபோட்டவள், வந்த பின்னர் கடைசி வாங்கில் தனியே இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டாள். கணிதத்தில் எண்பது எடுத்தவள் இருபத்தைந்து எடுத்தாள். கவனமில்லை, அக்கறையில்லை என்று தவணை அறிக்கையில் எழுதினார்கள். நாங்கள் எங்களுக்குள் அவளுக்குத் தடிப்பு என்று பேசிக்கொண்டோம். அந்த ஆண்டின் மூன்றாம் தவணையோடு அவள் வரவில்லை. இக்கட்டுரைக்காகப் பழைய இடாப்பைப் பார்க்க அதிபர் அனுமதி தந்தார். அவளுடைய பெயரின் மேல் சிவப்புக் கோடு. காரணம் எழுதும் இடத்தில் இரண்டே சொற்கள்: குடும்ப நிலை.

அப்போது ஒரு மனையியல் ரீச்சர் இருந்தார். பாடசாலை விட்டபின் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் வாங்கோ என்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்பது தற்செயல் அல்ல என்று வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. தண்ணீர் ஊற்றும் அரை மணித்தியாலத்தில் பிள்ளை கதைத்துவிடும். கொழும்புத்துறையிலிருந்து குருமாணவர்கள் வெளியிட்ட ‘நான்’ என்ற உளவியல் சஞ்சிகையை அவர் விடாமல் வாசிப்பார். பயிற்சி என்று அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. அவரால் பள்ளியில் நிலைத்த பிள்ளைகள் ஐந்தாறு பேரையாவது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் கற்பித்தது ஏ பிரிவுக்கு. எங்கள் தோழி பீ பிரிவு. ஒரு பிள்ளைக்கு ஆறுதல் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த நாட்களில் எந்தப் பிரிவில் பெயர் விழுந்தது என்பதில் தங்கியிருந்தது.

யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படிக்கப் போனபோதுதான், நாங்கள் பார்த்தவற்றுக்குப் பெயர்கள் இருப்பதை அறிந்தோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் மனங்களில் விட்ட தழும்பைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அவருடைய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ 1998 இல் வெளிவந்தது. ‘மனவடு’ என்ற சொல்லும் எங்களிடையே புழங்கத் தொடங்கியிருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின், ஜேர்மன் தொழில்நுட்ப உதவியுடன், ஆசிரியர்கள் சிலர் ஆற்றுப்படுத்துநர்களாகப் பயிற்றப்பட்டார்கள். அவர்களே பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரை நேரில் கண்டு விசாரித்த ஆய்வொன்று 2009 இல் வெளியானது. அந்தப் பிள்ளைகளில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, உறவினரின் மரணத்தைக் கண்ணால் காணல் போன்ற கொடிய அனுபவம் ஒன்றையாவது கடந்திருந்தனர். 25 வீதமானோரிடம் மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் முழுமையாக இருந்தன. எம்மைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கடுத்த முடிவு. அப்பிள்ளைகளின் ஞாபகசக்திச் சோதனையும் பாடப் புள்ளிகளும் குறைந்திருந்தன, அவர்கள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியும் இருந்தார்கள்.

வைத்தியராக இதைச் சற்று விளக்கலாம். பயங்கரம் ஒன்றைக் கண்ட மூளை, ஆபத்து முடிந்த பின்னரும் காவல் காத்துக்கொண்டிருக்கும். கதவு அடிபடும் ஓசைக்கும் அது எழுந்து நிற்கும். அப்படிக் காவல் காக்கும் மூளையில் பின்னக் கணக்கு ஏறாது. வெளியே பார்ப்பவருக்கு அது அக்கறையில்லாமை போலவும் தடிப்பு போலவும்தான் தெரியும்.

2004 டிசம்பர் 26 இல் கடற்கோள் வந்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் வகுப்புத் தோழர்களை இழந்த பிள்ளைகள் மீண்டும் வாங்கில்களில் வந்து அமர்ந்தபோது, மனதுக்கும் மருத்துவம் வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டில் எமது கல்லூரிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தார். களஞ்சிய அறை காலியானது. இரண்டு கதிரை, ஒரு பன்பாய், வர்ணப் பென்சில் பெட்டி. அதே ஆண்டு கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. பிரம்பு அலுமாரிக்குள் போனதும் அறை திறந்ததும் ஒரே காலம். முதலாவது ஒழுங்காக நடந்தேறச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

கதவில் என்ன எழுதுவது என்பதில் சிறு விவாதம் நடந்ததாம். ஆலோசனை என்ற சொல்லை அந்த ரீச்சர் விரும்பவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஊர் முழுக்க ஆட்கள் இருக்கினம் என்றாராம். ஆற்றுப்படுத்தல் என்ற சொல் எங்களுக்குப் பிடிக்கும். பரிசில் பெற்ற பாணன் எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதுதானே பழைய ஆற்றுப்படை. கடைசியில் உளவளத்துணை என்றே எழுதினார்கள். பிள்ளைகள் வைத்த பெயரோ விசர் அறை. முதல் தவணையில் ஒருவரும் உள்ளே போகவில்லை. பிறகு ரீச்சர் நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் நூறை இரவலாக எடுத்து அந்த அறையில் அடுக்கினார். புத்தகம் எடுக்கப் போகும் பிள்ளையை யாரும் விசர் என்று சொல்ல முடியாது. அந்த அலுமாரி இன்றும் அங்கே இருக்கிறது.

பிள்ளையோடு கதைப்பது வேலையின் பாதிதான் என்பதையும் அறை விரைவில் கண்டுகொண்டது. 2008 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வடக்குக் கிழக்கில் 9 முதல் 15 வயது வரையான தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரை விசாரித்தது. 82.4 வீதமானோர் போர் அனுபவத்தைச் சொன்னார்கள். வீட்டுக்குள் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் அதைவிடக் கூட, 95.6 வீதம். தகப்பனின் குடியோடு அதற்குத் தொடர்பிருந்ததும் தெரிந்தது. எல்லாவற்றையும் போரின் மேல் போட்டுவிட்டு இருந்த எங்களுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது.

ஆகவே அறைக்கு வெளியே விறாந்தையில் ஒரு வாங்கு வந்தது. அது அம்மாமாருக்கானது. 2009 இற்குப் பிறகு அதில் வந்து இருந்தவர்களில் கணவனை இழந்தவர்கள், கணவனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், மத்திய கிழக்குக்குப் போன மகளின் பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாமார் எனப் பலரும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே: இதை எங்கேயும் எழுதி வைப்பீங்களோ? நாளைக்குக் கலியாணம் பேசேக்கை வெளியில வருமோ? ரீச்சர் தன் கொப்பியில் பெயர் எழுதுவதில்லை, இலக்கம்தான். ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளே பிள்ளைக்கும் தாய்க்கும் சொல்லிவிடுவார். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மாட்டார். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. மன நெருக்கடிக்கு அழைக்கும் 1926 உம் அதன் கீழே உண்டு. பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரும் வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவும் அவருக்குத் தெரிந்த வழிகள். அப்பாமாரை வரவழைப்பதுதான் இன்றுவரை கடினம். வாங்கில் அவர்கள் இருப்பதில்லை, மதிலோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்கள்.

வெளிநோயாளர் பிரிவில் எங்களிடமும் அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, இரத்தமும் சிறுநீரும் ஸ்கானும் சரி. அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பள்ளியில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பாதி நோய் தெரியும். மறுபக்கமும் உண்டு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் காலைப் பிரார்த்தனையில் மீண்டும் பிள்ளைகள் மயங்கினார்கள். மனம் என்று எழுதத் தயாராக இருந்தோம். ரீச்சர்தான், முதலில் என்ன சாப்பிட்டவள் என்று கேளுங்கோ டொக்டர் என்றார். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை அது.

எமது சங்கத்தைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். அந்த ரீச்சர் இடமாற்றத்தில் போனபோது இரண்டு ஆண்டுக்கு மேலாக அறை பூட்டிக் கிடந்தது. பரீட்சைத் தாள்கள் வைக்க அதைப் பாவித்தார்கள். அதே காலத்தில்தான் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இராப்போசன விருந்து வைத்துப் பணம் சேர்த்து நாங்கள் வாயில் வளைவு கட்டினோம். வளைவு அழகாகத்தான் இருக்கிறது. பூட்டிய அறையைப் பற்றி எந்தக் கிளையின் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போனால் இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும், அவருடைய நேரசூசியில் அதற்கென்று பாடவேளை ஒதுக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இல்லாவிட்டால் மீண்டும் ஏ பிரிவும் பீ பிரிவும்தான்.

கடைசி வாங்கிலிருந்த தோழியை இவ்வாண்டு தேடிக் கண்டுபிடித்தோம். வேறொரு மாவட்டத்தில் இருக்கிறாள், வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலைபேசியில் வெகுநேரம் கதைத்தோம். அன்று என்ன நடந்தது என்று அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தெரியாது, ஆனால் ஒருத்தரும் கேட்கேல்லை என்றாள். பிறகு, அந்தப் பூச்சட்டி ரீச்சர் இருக்கிறாவோ என்று விசாரித்தாள்.

இந்தத் தவணை முதல் அறையில் இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் பாடசாலை முடிந்தபின் மூன்று மணி வரை பெற்றோருக்காகத் திறந்திருக்கிறது. சனிக்கிழமை காலையிலும் திறந்து பார்க்கலாம், தகப்பன்மார் வரக்கூடும் என்று இளைய ரீச்சர் சொல்கிறார். விறாந்தை வாங்கின் ஒரு கால் ஆடுகிறது. 1993 ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வந்த நாங்கள் அதைத் திருத்திக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.