தீயைத் தடுக்கும் மெல்லிய படலம்: பேட்டரிகளில் பாலிமரின் பங்கு

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் போன்ற, வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய குடியிருப்புகளில் மின்சார ஸ்கூட்டருக்கெனத் தனி இடம் கிடைப்பது அரிது. வாசலிலோ மாடிப்படியின் கீழோ நிறுத்தித்தான் பலரும் சார்ஜ் ஏற்றுகின்றனர். வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியும் பெரும்பாலும் அதுவே. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வேளையில் மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதன் பின்னரே பேட்டரியின் உள்ளே இருப்பது என்ன என்ற கேள்வி பொதுமக்களிடம் பரவலாக எழுந்தது.

லித்தியம் அயனி பேட்டரியில் நேர்மின்முனையையும் எதிர்மின்முனையையும் பிரித்து வைப்பது பாலிமரால் ஆன நுண்துளைப் படலம். இதன் தடிமன் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. லித்தியம் அயனிகள் இதன் துளைகள் வழியே கடந்து செல்லும்; மின்முனைகள் ஒன்றையொன்று தொட முடியாது. பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றால் இது தயாரிக்கப்படுகிறது. பால் பாக்கெட்டும் அரிசிச் சாக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள்தாம்.

வெப்பம் 130 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது பாலிஎத்திலீன் உருகி, துளைகள் அடைபடுகின்றன. அயனிகளின் ஓட்டம் நின்று, பேட்டரி தானாகச் செயலிழக்கிறது. பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரி வரை தாங்கும் என்பதால், இரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்த படலங்களும் உண்டு. ஆனால் வெப்பம் மேலும் ஏறினால் படலமே சுருங்கிவிடும். மின்முனைகள் தொட்டுக்கொள்ள, குறுக்குச்சுற்று ஏற்படும். அலுமினா பூச்சு இந்தச் சுருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. தீ விபத்துகளுக்குப் பின் கடுமையாக்கப்பட்ட ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

இப்பேட்டரியின் தொடக்கத்திலும் ஒரு பாலிமர் உண்டு. மின்சாரத்தைக் கடத்தும் பாலிஅசிட்டிலீனைத்தான் ஜப்பானின் அகிரா யோஷினோ முதலில் எதிர்மின்முனையாகப் பயன்படுத்தினார்; பின்னர் கார்பனுக்கு மாறினார். கடத்தும் பாலிமர்களுக்காக ஷிராகாவா உள்ளிட்ட மூவருக்கு 2000ஆம் ஆண்டிலும், லித்தியம் அயனி பேட்டரிக்காக யோஷினோ உள்ளிட்ட மூவருக்கு 2019ஆம் ஆண்டிலும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சேமிப்பில் மட்டுமன்றி, ஆற்றலை மாற்றுவதிலும் பாலிமர் மையமாக உள்ளது. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் புரோட்டான்களை மட்டும் கடத்தும் பாலிமர் சவ்வே இதயம். எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியே சென்று மின்சாரம் தருகின்றன. மிஞ்சுவது நீர் மட்டுமே. 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58 மூலம் அனுப்பப்பட்ட போயம்-3 தளத்தில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ இவ்வகைக் கலத்தைச் சோதித்தது. குறுகிய நேரச் சோதனையில் 180 வாட் மின்சாரம் உற்பத்தியானது. தமிழகத்தில், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பாலிமர் மின்பகுளிகள், எரிபொருள் கலங்கள் ஆகிய இரண்டிலும் ஆய்வு நடத்தி வருகிறது.

திரவ மின்பகுளிக்குப் பதில் திண்மப் பாலிமரையே பயன்படுத்தினால் தீ அபாயம் குறையும். ஆயினும் இதற்கென நெடுங்காலமாக ஆராயப்படும் பாலிஎத்திலீன் ஆக்சைடு 60 டிகிரிக்கு மேல்தான் அயனிகளை நன்கு கடத்துகிறது. அறை வெப்பநிலையில் இயங்க வேண்டிய ஸ்கூட்டருக்கு இது பொருந்தாது.

பசுமை ஆற்றல் என்ற பெயருக்குச் சங்கடமான உண்மை ஒன்றும் உண்டு. எரிபொருள் கலச் சவ்வாகப் பரவலாகப் பயன்படும் நாஃபியானும், மின்முனைத் துகள்களைப் பிணைக்கும் பிவிடிஎஃப்பும் ஃப்ளூரின் கொண்ட பாலிமர்கள். இவை எளிதில் சிதைவதில்லை. பிவிடிஎஃப் எரியும்போது நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வெளியாகிறது. இத்தகைய சேர்மங்களைப் பரவலாகக் கட்டுப்படுத்த 2023இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிந்தன. எதிர்மின்முனையில் செல்லுலோஸிலிருந்து பெறப்படும், நீரில் கரையும் பிணைப்பான் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. அதிக மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டிய நேர்மின்முனையில் பிவிடிஎஃப்பை மாற்றுவதே இன்னும் கடினமாக இருக்கிறது.