மந்தா: அறிவின் பெயர்

தென் ஈராக்கின் ஆற்றங்கரைகளில் வெள்ளுடையில் திருமுழுக்குப் பெறும் மந்தேயர்களை, 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசிய மறைபரப்பாளர்கள் 'யோவானின் கிறிஸ்தவர்' என்றனர். அவர்கள் கிறிஸ்தவர்களே அல்லர்.

அவர்கள் பெயர் 'மந்தா' என்ற அரமேயச் சொல்லில் பிறந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. பொருள், அறிவு. வேர் 'யெதா': அறிந்தான். 'அறிவாய்' என்பது தானியேல் நூலின் அரமேயப் பகுதியில் 'திந்தா' என வருகிறது. 'தித்தா' என இரட்டிக்க வேண்டிய தகரத்தின் முன்பாதி நகரமாகிவிட்டது. 'மந்தா'வில் ஒலிப்பதும் அதே மெல்லினம்தான். எத்தனை அழகான திரிபு!

'யெதா'வின் உடன்பிறப்பான எபிரேய 'யாதா' கணவன் மனைவி கூடலையும் குறிக்கும். தமிழ் விவிலியம் அங்கே 'அறிந்தான்' என்றே பெயர்த்தது.

தமிழில் 'தெரிதல்' கண்ணுக்குப் புலப்படுவது. 'அறிதல்' அதனினும் ஆழம். மந்தேயர்க்குத் தமிழில் பெயரிட்டால், தொல்காப்பியம் தந்த 'அறிவர்' போதும்.