இஞ்சி சென்ற வழி

‘ரைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் ‘அரிசி’யினின்றே பிறந்தது என்று மேடைதோறும் கேட்கிறோம், வகுப்பறையிலும் அதனை ஐயமின்றிக் கற்பிக்கிறோம். ஒலி ஒத்திருத்தல் ஒன்றே பிறப்புக்குச் சான்றாகிவிடாது. அச்சொல் கிரேக்கத்தின் வழி வந்தது. கிரேக்கர் அதனை ஈரானிய மொழியொன்றிலிருந்து பெற்றிருக்கலாம் என்பது பலர் கருத்து. அரிசிக்காக வழக்காடுவோர் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர்.

தமிழுக்குப் பெருமை வேண்டுமெனில் இஞ்சி போதும். நாம் ‘இஞ்சி’ என்பதற்கும் பாலி மொழியின் ‘சிங்கிவேர’ என்பதற்கும் இடையே நிற்பது ஒரு சகரமே. ‘சிறகு’ என்பது ‘இறகு’ எனவும் வழங்குவதுபோல, இச்சொல்லும் தன் முதற்சகரத்தை இழந்தது என்பர் மொழிநூலார். பின்னுள்ள ‘வேர்’ நம் வேரே. வடமொழியாளர் இதனைச் ‘சிருங்கவேரம்’ ஆக்கி, கொம்பு போன்ற உடலுடையது எனப் பொருளும் கூறினர். கிழங்கின் தோற்றத்துக்கு அவ்விளக்கம் அழகாகவே பொருந்துகிறது. ஆயினும் அது வந்த சொல்லுக்குப் பின்னர்ப் பூட்டிய அணிகலன். கிரேக்கர் நாவில் ‘சிங்கிபெரிஸ்’ ஆகி, இலத்தீனையும் பிரெஞ்சையும் கடந்து, ‘ஜிஞ்சர்’ என நின்றது. இந்த ஒரு சொல்லின் பயணத்தை ஆராய்ந்து ஆலன் ராஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1952இல் தனி நூலே வெளியிட்டார்.

மிளகுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. ‘பெப்பர்’ என்பதன் மூலமாகிய வடமொழிப் ‘பிப்பலி’, திப்பிலியின் பெயர். மேலைநாட்டார் அதனை மிளகின்மேல் ஏற்றிவிட்டனர். சேரநாட்டுத் துறைகளில் மிளகைக் கலங்கொள்ளுமளவு ஏற்றியவர்கள் அதன் பெயரை மட்டும் கரையிலேயே விட்டுச் சென்றனர்!

‘கறி’ பிற்காலத்தது. போர்த்துக்கீசியர் வாயிலாகவும் பரவிய அச்சொல்லை, 1747இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் ஆள்கிறார். அவர் கூறும் கறிக்கு மிளகும் கொத்துமல்லி விதையுமே சுவை தருவன, மிளகாய் இல்லை. நம் பாட்டிமார் அதனைக் கறியென ஒப்புவார்களா என்பது வேறு கேள்வி.

விடுபட்ட மிளகின் பெயர் வேறு வழியாக ஆங்கிலத்துள் நுழைந்தது. தென்னாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் சுவைத்த மிளகுத்தண்ணீர், ‘மல்லிகட்டாணி’ என உருத்திரிந்து 1784இலேயே அவர்தம் எழுத்தில் காணப்படுகிறது. பின்னர் அதில் இறைச்சியைச் சேர்த்தனர், மாவிட்டுக் கெட்டியாக்கினர். தண்ணீர் பெயரளவில் நின்றது. அதன் முதற்பாதியைக் கேட்டுக் கொத்துமல்லியை நினைக்கும் மாணவரிடம், அது மிளகு என்று ஆசிரியர்தாம் சொல்லவேண்டும்.