ஊர் போன பிறகு வந்த அருங்காட்சியகம்

வெள்ளவத்தையில் வளர்ந்தவர்களுக்குக் கரையோர ரயில் பாதை புதுசில்லை. பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்துதான் நாங்கள் கடற்கரைக்குப் போறது. ஆனால் அதே பாதையில் காலியைத் தாண்டிப் போனவர்கள் எங்கட கூட்டத்தில் குறைவு. ஒரு சனிக்கிழமை ஐந்து பேர் கோட்டையில் ஏறி, கொக்கலவில் இறங்கினோம். ஒருத்தி கொட்டாஞ்சேனை, மற்ற நாலு பேரும் வெள்ளவத்தை. பார்க்கப் போனது மார்ட்டின் விக்கிரமசிங்க நாட்டார் அருங்காட்சியகம்.

மரங்கள் நிறைந்த பெரிய வளவு. நடுவில் எழுத்தாளர் பிறந்த பழைய வீடு. பக்கத்து மண்டபத்தில் தென்பகுதிக் கரையோரக் கிராம வாழ்க்கையின் சாமான்கள்: கலப்பை, மீன்பிடிக் கருவிகள், சட்டி பானை, முகமூடி, பொம்மலாட்டப் பொம்மை, ஏட்டுச்சுவடி. மாட்டுவண்டிகளும் இருக்கு. சிங்களக் கிராமத்தைப் பார்க்கப் போன நாங்கள் அம்மி, உரல், திருவலை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று, "இது அம்மம்மா வீட்டிலயும் இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் மாதெல் என்று சொல்வதை எங்கட ஆக்கள் கரைவலை என்பார்கள். இழுக்கிற முறை ஒன்றுதான்.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது அந்தச் சாமான்கள் இல்லை. அந்த வளவைச் சுற்றியிருந்த ஊருக்கு என்ன நடந்தது என்ற கதை.

விக்கிரமசிங்க 1890இல் இங்கே மலலகமவில் பிறந்தவர். 1940இல் தன் பிள்ளைப்பருவத்து ஊரைப் பற்றி "அபே கம" என்று ஒரு புத்தகம் எழுதினார். "எங்கள் ஊர்" என்பதுதான் அதன் பொருள். இரண்டு வருசத்தில் அந்த ஊர் இல்லை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழ, இலங்கை பிரித்தானியருக்கு முக்கியமான தளமாகிவிட்டது. கொக்கல வாவி கடல் விமானங்கள் இறங்க வசதியான இடம். சனத்தை எழுப்பிவிட்டு, விமானப்படைத் தளம் அமைத்தார்கள். வீடுகள் இடிபட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது.

இந்தக் கதைக்குக் கொழும்போடும் தொடர்பு இருக்கு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினா விமானம்தான் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சாலின் அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. இந்த விமானத்தின் கதையைப் பல புத்தகங்களில் வாசிக்கலாம். அது பறந்து போவதற்காக எழுப்பப்பட்ட சனத்தின் கதையை அப்படித் தேடி எடுக்க ஏலாது.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்ற யோசனை 1891இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சனோடு உலகத்துக்குப் பரவியது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் அந்த வழிதான்: பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒரே வளவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கொக்கலவில் நடந்தது தலைகீழ். வீடு நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றியிருந்த ஊர் போய்விட்டது. எழுத்தாளர் 1976இல் காலமானார். அருங்காட்சியகம் 1981இல் திறக்கப்பட்டது. அதே 1981இல்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சம்பவங்கள்தான். ஆனாலும் அந்த ஆண்டை வாசிக்கும்போது எங்களால் இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு தொடர்பு தற்செயல் இல்லை. பலாலி விமான ஓடுபாதையும் இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் போட்டதுதான். 1990 யூனில் அதைச் சுற்றியிருந்த மயிலிட்டி முதலான ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தது. பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான மயிலிட்டி, 27 வருசத்துக்குப் பிறகு 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. அதுவும் முழு ஊர் இல்லை. கொக்கலவில் ஊரை எழுப்பியது வெளிநாட்டு ஆட்சி, மயிலிட்டியில் எங்கட நாட்டுப் போர். அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருந்த மீனவக் குடும்பத்துக்கு இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மயிலிட்டிக்காரி. இப்ப வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளற்றில் இருக்கிறா. திரும்பி வந்து போனில் எடுத்த படங்களைக் காட்டினோம். ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் சொன்னா. நீத்துப்பெட்டி, சுளகு, பறி என்று நாங்கள் எழுதி முடிக்க முதல் அடுத்ததுக்குப் போயிட்டா. கடைசியில் போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டா: "சாமான் எல்லாம் வடிவா வச்சிருக்கினம். அந்த ஆக்கள் எங்க போனவை?"

எங்களிடம் பதில் இல்லை. அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அந்த உரலும் வள்ளமும் அங்கே இல்லாவிட்டால் அம்மம்மா கேள்வி கேட்கவும் ஒன்றும் இருந்திராது. வடக்கிலும் நாவற்குழியில் சிவபூமி அரும்பொருட்காட்சியகம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் சாமானைச் சேர்க்கும்போது, அதைப் பாவித்தவர் யார், எந்த வீட்டில் இருந்தது, எந்த நாளில் அதை விட்டிட்டு வெளிக்கிட்டவர்கள் என்பதையும் சேர்க்க வேணும். இல்லாவிட்டால் காலம் போகப்போக ஊர் தானாக மறைந்தது மாதிரி ஆகிவிடும்.

கொக்கலவுக்குக் கட்டடம் கட்ட ஒரு பெரிய எழுத்தாளரின் பெயர் இருந்தது. எங்கட ஊர்கள் பலவற்றுக்கு அது இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி வீடுகளில் இருக்கிற வயசான ஆக்கள்தான் இருக்கினம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டுக்குப் போய்க் கதைத்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். முதல் பதிவு மயிலிட்டி அம்மம்மாவுடையது, இரண்டு மணித்தியாலம். அதில் முக்கால்வாசி நேரம் அவ கதைத்தது வலையைப் பற்றி இல்லை, பக்கத்து வீட்டாக்களைப் பற்றி.